கொல்லைக் கொட்டகைக்கு மின்சாரம்

(ஒரு கிராமக் கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சாரம்)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் உங்களில் சிலருக்கு வேடிக்கையாகக்கூடத் தோன்றலாம். "இவ்வளவு தூரம் வந்து மாட்டுக் கொட்டகைக்கு விளக்குப் போடுவதைப்பற்றியா பேசவேண்டும்?" என்று கேட்கலாம். ஆனால் மனிதன் சாகிற விஷயம் எதுவும் சில்லறை விஷயமாகாது. அதிலும், தடுக்கக்கூடிய சாவைத் தடுக்காமல் விட்டுவிட்டு, பிறகு "அவன் விதி முடிந்துவிட்டது" என்று சொல்லி அழுகிற வழக்கம் இருக்கும்வரை இதைப்பற்றிப் பேசித்தான் ஆகவேண்டும்.

நம் வீடுகளைக் கொஞ்சம் சுற்றிப் பாருங்கள். முன்கட்டில் சுவருக்குள் குழாய் பதித்து வயர் ஓடுகிறது. அழகான பலகையில் வரிசையாகச் சுவிட்சுகள். விருந்தாளி உட்காருகிற இடமல்லவா? அதே வீட்டின் கொல்லைப்புறத்திற்குப் போங்கள். அங்கே மாட்டுக் கொட்டகையோ, விறகுக் கொட்டகையோ, தீவனம் நறுக்குகிற இடமோ இருக்கும். அதற்கு மின்சாரம் எப்படிப் போயிருக்கிறது? ஜன்னல் வழியாக ஒரு வயர் வெளியே வருகிறது. முருங்கை மரத்தில் ஒரு சுற்று, துணி காயப்போடுகிற கம்பியில் ஒரு சுற்று, பிறகு கொட்டகையின் தகரத்தை உரசிக்கொண்டு உள்ளே நுழைகிறது. நடுவில் 2, 3 இடத்தில் ஒட்டு. அந்த ஒட்டின்மேல் சுற்றிய டேப் வெயிலில் உரிந்து தொங்குகிறது. வீட்டுக்குள் இருக்கிற மறுமுனையைப் பார்த்தால், பிளக் கூடக் கிடையாது. வயரைச் சீவி, துவாரத்தில் விட்டு, தீக்குச்சியால் முட்டுக்கொடுத்திருக்கிறது!

முன்கட்டில் உட்காருகிறவன் செருப்போடு, காய்ந்த தரையில் உட்காருகிறான். கொட்டகையில் நிற்கிறவர் யார்? விடியற்காலையில் சாணி அள்ளுகிற பெண்மணி, கூலிக்கு வேலை செய்கிற தோழன், மூத்திரமும் தண்ணீரும் ஊறிய தரை, வெறுங்கால், ஈரக்கை. அபாயம் எங்கே அதிகமோ அங்கே பாதுகாப்பு மிகக் குறைவு. அபாயம் எங்கே குறைவோ அங்கே பாதுகாப்பு அதிகம். இது என்ன நியாயம் என்று கேட்கிறோம். கொட்டகையில் நிற்கிறவரின் உயிர் கூடத்தில் உட்காருகிறவரின் உயிரைவிட மலிவா?

இனி, மின்சாரம் ஏன் கொல்லுகிறது என்பதைப் பார்ப்போம். இதில் மர்மம் ஒன்றுமில்லை, கணக்குத்தான் இருக்கிறது. நம் வீட்டுக்கு வருகிற மின்சாரத்தின் அழுத்தம் சுமார் 230 வோல்ட். ஈரக்கையும் வெறுங்காலுமாய் நிற்கிற ஒருவரின் உடம்பு மின்சாரத்திற்குக் கொடுக்கிற தடை சுமார் 1000 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 230-ஐ 1000-ஆல் வகுத்தால் 0.23. அதாவது அவர் உடம்பின் வழியாக 0.23 ஆம்பியர், அல்லது 230 மில்லி ஆம்பியர், பாயும்.

இது அதிகமா குறைவா? அமெரிக்காவில் கலிபோர்னியா சர்வகலாசாலையில் சார்லஸ் டால்சியல் என்ற பேராசிரியர், தாங்களாக முன்வந்த மனிதர்களைக் கொண்டே இதைப் பரீட்சை செய்து பார்த்தார். எவ்வளவு மின்சாரம் பாய்ந்தால் பிடித்த கம்பியைத் தானாக விடமுடியாமல் போகிறது என்பதே அவர் கேள்வி. ஆண்களுக்குச் சராசரி 16 மில்லி ஆம்பியர், பெண்களுக்குச் சராசரி 10.5 மில்லி ஆம்பியர் என்று கண்டார். அதற்குமேல் போனால் கைத்தசை இறுகிக்கொள்ளும். விட நினைத்தாலும் விடமுடியாது. நம் ஜனங்கள் "கரண்ட் பிடித்து இழுத்துக்கொண்டது" என்கிறார்களே, அது இதுதான். கரண்ட் இழுப்பதில்லை, அவர் கையே இறுகிப் பிடித்துக்கொள்ளுகிறது. இன்னும் அதிகமாகி, சற்று நேரமும் நீடித்தால் மூச்சு திணறும்; இருதயம் ஒழுங்கு தப்பித் துடிக்கும்; பிறகு நின்றுவிடும். அப்படியிருக்க, 230 மில்லி ஆம்பியர் என்ன செய்யும் என்று நாம் சொல்லவேண்டியதில்லை. இதில் விதிக்கு எங்கே இடம்? வோல்ட் இருக்கிறது, ஓம் இருக்கிறது, ஈரத்தரை இருக்கிறது. இவற்றில் ஒன்றை மாற்றினால் முடிவும் மாறிப்போகும்.

"எங்கள் வீட்டில் பியூஸ் இருக்கிறது, எம்.சி.பி. இருக்கிறது, ஏதாவது ஆனால் அது விழுந்துவிடும்" என்று சிலர் தைரியமாய்ச் சொல்லுகிறார்கள். தோழர்களே! இந்த ஒரு நம்பிக்கையே அநேக உயிர்களை வாங்கியிருக்கிறது. உங்கள் வீட்டில் உள்ள மிகச் சிறிய எம்.சி.பி. 6 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 6 ஆம்பியர் என்பது 6000 மில்லி ஆம்பியர். மனிதன் சாவதற்கு 230 போதும். அதற்கும் குறைவே போதும். அந்த எம்.சி.பி.க்கோ 6000-க்குமேல் போனால்தான் ஏதோ நடக்கிறது என்றே தெரியும். ஒரு மனிதன் கம்பியைப் பிடித்தபடி துடித்துச் சாவதை அது ஒரு சிறு விளக்கு எரிவதாகவே எண்ணிக்கொண்டிருக்கும். அதன்மேல் குற்றமில்லை. பியூஸும் எம்.சி.பி.யும் வயர் எரியாமல் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவை; மனிதனைக் காப்பாற்றுவதற்காக ஏற்பட்டவையல்ல.

அப்படியானால் மனிதனைக் காப்பாற்றுவது எது? அதற்கென்றே ஒரு கருவி இருக்கிறது. கடையில் ஆர்.சி.சி.பி. என்று கேட்டால் கொடுப்பார்கள், ஈ.எல்.சி.பி. என்றும் பழைய பெயரால் சொல்லுவதுண்டு. முன்சொன்ன டால்சியலே 1961-ஆம் வருஷத்தில் இவ்வகைக் கருவி ஒன்றை அமெரிக்காவில் உண்டாக்கினார். அது செய்கிற வேலை மிக எளியது. பேஸ் கம்பியில் போகிற மின்சாரமும் நியூட்ரல் கம்பியில் திரும்புகிற மின்சாரமும் சமமாக இருக்கவேண்டும். போனதில் கொஞ்சம் திரும்பவில்லையென்றால், அது வேறெங்கோ, ஒரு மனிதன் உடம்பு வழியாகவோ, ஒரு மாட்டின் உடம்பு வழியாகவோ, பூமிக்குப் போகிறதென்று அர்த்தம். கடைக்காரன் கல்லாக் கணக்கைச் சரிபார்ப்பதுபோல அது ஓயாமல் கணக்குப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள கருவியானால், 30 குறைந்தாலே தொடர்பைத் துண்டித்துவிடும். நாம் சொன்ன 230 மில்லி ஆம்பியர் பாய்ந்தால், ஒரு வினாடியை 25 பங்காக்கி அதில் ஒரு பங்கு நேரத்திற்குள் அறுத்துவிடவேண்டும் என்பது அதற்கு ஏற்பட்ட கட்டளை. இருதயம் ஒருமுறை அடித்து முடிவதற்குள் மின்சாரம் நின்றிருக்கும்.

ஆகவே கொட்டகைக்கு மின்சாரம் கொண்டுபோவதானால், முதலாவதாக, வீட்டுப் பலகையில் கொட்டகைக்கென்றே தனியாக ஒரு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும், அதோடு சேர்த்து ஒரு எம்.சி.பி.யும் வைக்கவேண்டும். தனியாக வைத்தால் கொட்டகையில் பழுது வந்தபோது வீடு இருட்டாகாது. வீட்டு ஆரம்பத்திலேயே வைத்தால் இடையில் போகிற கேபிளுக்கும் காவல் கிடைக்கும்.

இந்தக் கருவியின் பெருமையைச் சொன்ன நாம் அதன் குறையையும் சொல்லிவிடவேண்டும். பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் ஒருவன் பிடித்தால், போனது அப்படியே திரும்பிவிடுவதால், அதற்கு ஒன்றும் தெரியாது. ஆகவே இது இருக்கிறதென்று திறந்த கம்பியோடு விளையாடக்கூடாது. அதன் முகத்தில் சோதனைக்கென்று ஒரு சிறு பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள், உடனே விழவேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று. மழைக்காலத்தில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழுகிறதென்று, அதைத் தாண்டி நேராக வயர் கொடுத்துவிடுகிற கெட்டிக்காரர்கள் ஊருக்கு ஒருவர் இருக்கிறார்கள். நாய் ஓயாமல் குரைக்கிறதென்று நாயை அடித்துக் கொன்றுவிட்டு, திருடனுக்குக் கதவைத் திறந்து வைப்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? விழுகிறதென்றால் எங்கோ ஒழுகுகிறதென்று அர்த்தம். ஒழுகுகிற இடத்தைக் கண்டுபிடித்துச் சரிசெய்யவேண்டுமேயொழிய, சொன்னவன் வாயை அடைக்கக்கூடாது.

இரண்டாவது விஷயம் எர்த். "எர்த் போட்டுவிட்டோம், போதாதா?" என்பார்கள். போதாது என்பதையும் கணக்காலேயே காட்டுவோம். உங்கள் எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோட்டாரின் இரும்புக் கூட்டில் பேஸ் பட்டுவிட்டது. குழிவழியாகப் பூமிக்குப் போகக்கூடியது 230-ஐ 20-ஆல் வகுத்த 11.5 ஆம்பியர்தான். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு அசையாது! மோட்டார் கூடு ஷாக்கோடு அப்படியே நிற்கும், தொடுகிறவருக்காகக் காத்திருக்கும். ஆனால் அதே இடத்தில் ஆர்.சி.சி.பி. இருந்தால், யாரும் தொடுவதற்கு முன்பே அறுத்துவிடும். அதுபோலவே, எர்த் இல்லாமல் ஆர்.சி.சி.பி. மட்டும் இருந்தால், ஒருவர் தொட்டு, அவருக்கு ஷாக் அடித்த பிறகுதான் அது விழும். ஆகையால் இரண்டும் வேண்டும். ஒன்று இருப்பதால் மற்றொன்று வேண்டியதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எர்த் குழி சுவரை ஒட்டியிருக்கக்கூடாது. கட்டடத்திலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளியிருக்கவேண்டும். இரும்புக் குழாயானால் துத்தநாகப் பூச்சுள்ளதாய், இரண்டரை மீட்டர் நீளமாவது இருக்கவேண்டும். கோடையில் மண் காய்ந்தால் தடை ஏறும். ஆகவே அதில் தண்ணீர் ஊற்றுங்கள். கொட்டகையிலுள்ள இரும்புத்தூண், தகரக்கூரை, தண்ணீர்க் குழாய், தொட்டிச் சட்டம் எல்லாவற்றையும் எர்த் கம்பியோடு சேர்த்துக் கட்டவேண்டும். மாட்டுக்கு இது மிகவும் அவசியம். நாலு காலில் நிற்கிற பிராணிக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் தூரம் அதிகம்; பாய்கிற மின்சாரமோ இருதயத்தின் வழியாகப் போகிறது. மனிதனுக்குக் காலில் சுருக்கென்று தெரிகிற அளவில் மாடு செத்து விழும்.

எர்த்துக்குப் பதிலாக நியூட்ரலையே இரும்புக்கூட்டில் கட்டிவிடுகிறவர்களும் உண்டு. இதைவிடப் பெரிய மோசம் வேறில்லை. எங்காவது நியூட்ரல் ஒன்று அறுந்துபோனால், கொட்டகையிலுள்ள இரும்பெல்லாம் பேஸாகிவிடும். குழிவெட்டுகிற கூலியை மிச்சம் பிடித்ததற்கு அதுதான் வட்டி.

மூன்றாவது, வழி. வீட்டிலிருந்து கொட்டகைக்கு மின்சாரம் எந்த வழியாகப் போகவேண்டும்? துணிக்கம்பி வழியாக அல்ல. மரத்தின் வழியாகவும் அல்ல. பூமிக்குள் போவதே மேலானது. இரும்புக் கவசமுள்ள கேபிள், அதாவது ஆர்மர்டு கேபிள், மூன்று கம்பி உள்ளதாக வாங்கி, பேஸ், நியூட்ரல், எர்த் மூன்றையும் ஒன்றாகக் கொண்டுபோகவேண்டும். கவசத்தையும் எர்த்தில் சேர்க்கவேண்டும். பள்ளம் 75 சென்டிமீட்டர், அதாவது இரண்டரை அடி ஆழம். அடியில் மணல், அதன்மேல் கேபிள், மறுபடி மணல், அதன்மேல் செங்கல் வரிசை, பிறகு மண். நாளைக்கு வாழைக்குக் குழிவெட்டுகிறவன் கடப்பாரை முதலில் செங்கலில் படும், அவன் நிறுத்திக்கொள்வான். கேபிள் எந்த வழியாகப் போகிறதென்று சுவரில் படம் எழுதி வையுங்கள். இடையில் ஒட்டு கூடவே கூடாது. நீளத்தை அளந்து ஒரே துண்டாக வாங்குங்கள்.

கம்பியின் கனத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். கொட்டகை 30 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. 2 குதிரைச்சக்தியுள்ள தீவனம் நறுக்குகிற மோட்டார் சுமார் 10 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்ளுவோம். 1 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியானால் வழியிலேயே சுமார் 11 வோல்ட் போய்விடும். 110 வாட் உஷ்ணமாக வீணாகும். 4 சதுர மில்லிமீட்டரானால் 3 வோல்ட்டுக்கும் குறைவு, 28 வாட்தான். மோட்டார் கிளம்பும்போது இழுப்பது இதைப்போல் பல மடங்கு. அப்போது மெல்லிய கம்பியில் மோட்டார் கிளம்பாமல் உறுமும், சுருள் எரியும். கம்பியில் மிச்சம் பிடித்தவன் மோட்டாரில் கொடுக்கிறான்.

நான்காவது, கொட்டகைக்குள். உள்ளே நுழைந்ததும் கைக்கு எட்டும்படி, பேஸையும் நியூட்ரலையும் ஒன்றாய் அறுக்கிற ஒரு மெயின் சுவிட்சு இருக்கவேண்டும். விளக்குக்கு 6 ஆம்பியர் எம்.சி.பி., மோட்டார் பிளக்குக்கு 16 ஆம்பியர் எம்.சி.பி. என்று பிரித்து வையுங்கள். பலகை மாட்டின் கொம்புக்கும் குழந்தையின் கைக்கும் எட்டாத உயரத்தில், சாரல் அடிக்காத சுவரில் இருக்கட்டும். தண்ணீரும் தூசியும் புகாத மூடியுள்ள பெட்டியும் விளக்கும் வாங்குங்கள். வைக்கோல் தூசி சூடான விளக்கின்மேல் படிந்தால் தீப்பிடிக்கும். வைக்கோல் போருக்குள் புகுந்து போகிற வயரை எலி கடித்தாலும் அதே கதிதான்.

இனி, இதை யார் செய்வது? "எங்கள் மச்சானுக்கு வயரிங் தெரியும்" என்பது ஒரு யோக்கியதையாகாது. கழுத்தைச் சிரைப்பதற்குக்கூடக் கைப்பழக்கம் உள்ளவரைத் தேடுகிறோம். மத்திய மின்சார ஆணையத்தின் 2023-ஆம் வருஷத்துப் பாதுகாப்பு விதிகளின்படி இவ்வேலைகளை உரிமம் பெற்றவரே செய்யவேண்டும். அவரிடம் கூலியைக் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். எர்த் குழியின் தடை எத்தனை ஓம், ஆர்.சி.சி.பி. எத்தனை மில்லி ஆம்பியரில் விழுந்தது என்று அளந்து எழுதிக்கொடுக்கச் சொல்லுங்கள். கேட்பதற்கு உங்களுக்கு உரிமை உண்டு. வீட்டு இணைப்பிலிருந்து தொழிலுக்கான கொட்டகைக்கு மின்சாரம் எடுப்பதானால், அது எந்தக் கட்டண வகையில் சேரும் என்பதையும் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

வேலை நடக்கும்போது மெயினை நிறுத்தி, யாரும் போடாதபடி பூட்டிச் சாவியை வேலை செய்கிறவர் பையில் வைத்துக்கொள்ளவேண்டும். "நிறுத்திவிட்டேன்" என்று ஒருவர் சொன்ன வாய்வார்த்தையை நம்பி கம்பியைத் தொடக்கூடாது. டெஸ்டரை முதலில் மின்சாரம் இருக்கிற இடத்தில் வைத்து, அது எரிகிறதா என்று பார்த்து, பிறகு வேலை செய்கிற இடத்தில் பார்த்து, மறுபடியும் மின்சாரம் உள்ள இடத்தில் வைத்துப் பார்க்கவேண்டும். கெட்டுப்போன டெஸ்டரும் எரியாது. மின்சாரம் இல்லாத கம்பியிலும் எரியாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்துகொள்ள இதைத்தவிர வேறு வழியில்லை.

"20 வருஷமாய் இப்படியேதான் வயர் தொங்குகிறது, ஒன்றும் ஆகவில்லையே" என்பார்கள் சிலர். 20 வருஷமாய் ஒன்றும் ஆகவில்லை என்பதற்கு அர்த்தம், வயரின் மேலுறை 20 வருஷம் வெயிலில் வெடித்திருக்கிறது என்பதுதான். "செலவு ஆகுமே" என்பார்கள் வேறு சிலர். ஆர்.சி.சி.பி.க்கு ஒரு ஆட்டின் விலைகூட ஆகாது. அதே கொட்டகையில் கட்டியிருக்கிற மாட்டின் விலை என்ன? அங்கே வேலை செய்கிறவரின் விலை என்ன? பலகைக்குச் சந்தனம் குங்குமம் வைப்பதற்குத் தவறாத கை, மாதம் ஒருமுறை அந்தச் சோதனைப் பொத்தானையும் அழுத்தட்டும் என்கிறோம். பொட்டுக்கு 30 மில்லி ஆம்பியர் தெரியாது.

கடைசியாக ஒன்று. இவ்வளவுக்கும் மீறி ஒருவருக்கு ஷாக் அடித்துவிட்டால், ஆவேசப்பட்டு அவரைத் தொட்டுவிடாதீர்கள். காப்பாற்றப்போனவரும் சேர்ந்து செத்த வீடுகள் உண்டு. முதலில் மெயினை நிறுத்துங்கள். முடியாவிட்டால், நன்றாய்க் காய்ந்த பலகைமேல் நின்று, காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள். உடனே 108-க்குச் சொல்லியனுப்புங்கள். மூச்சு இல்லையென்றால் வண்டி வரும்வரை சும்மா நின்று அழக்கூடாது. நெஞ்சின் நடுவில் இரண்டு உள்ளங்கையையும் ஒன்றன்மேல் ஒன்றாய் வைத்து, சுமார் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு, நிமிஷத்திற்கு 100 முதல் 120 தடவை வரை அழுத்திக்கொண்டே இருங்கள். மண்ணில் புதைப்பது, தண்ணீர் ஊற்றுவது முதலியவற்றால் பிரயோஜனமில்லை. பொன்னான நிமிஷங்கள்தான் போகும்.

தோழர்களே! மின்சாரத்திற்கு முதலாளி என்றும் கூலியென்றும் தெரியாது. எந்தச் சாதி என்றும் கேட்காது. அந்த வித்தியாசத்தை நாம்தான், முன்கட்டுக்கு ஒரு வயரும் கொல்லைக்கு ஒரு வயருமாய்ப் போட்டு உண்டாக்குகிறோம். ஆகையால் நீங்கள் வீட்டுக்குப் போனதும் பகல் வெளிச்சத்தில் ஒருதரம் கொல்லைக்குப் போங்கள். வயர் எந்த வழியாகப் போகிறது, எங்கே ஒட்டு இருக்கிறது, எர்த் இருக்கிறதா, பலகையில் சோதனைப் பொத்தானுள்ள கருவி இருக்கிறதா என்று உங்கள் கண்ணாலேயே பாருங்கள். கையை மட்டும் வைக்காதீர்கள். தீக்குச்சி செருகியிருந்தால், மெயினை நிறுத்திவிட்டு அதை முதலில் பிடுங்கி எறியுங்கள். சரியான வழி போடும்வரை கொட்டகையில் கைவிளக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாலு நாள் வெளிச்சம் குறைவாய் இருப்பதால் யாரும் சாகப்போவதில்லை.

நாம் சொன்னதையும் அப்படியே நம்பவேண்டாம். வகுத்துப் பாருங்கள், அளந்து பாருங்கள், தெரிந்தவரைக் கேளுங்கள். சரியென்று பட்டால் செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டு இதை முடித்துக்கொள்ளுகிறோம்.